கேட்டும் கேளாமலும்: கவனம் பிளவுபடும்போது மெட்டு நினைவில் எப்படித் தங்குகிறது?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் ஆகிய காவிரிப் பாசன மாவட்டங்களில் நாகசுரம் இல்லாத திருமணம் அரிது. அந்த நாகசுரத்தை முதலிலிருந்து கடைசிவரை காதுகொடுத்துக் கேட்ட விருந்தினர் அதைவிட அரிது. மண்டபத்துக்குள் நுழைகிறவர் சந்தனம் தொட்டுக்கொண்டு, உறவினரை நலம் விசாரித்து, முகூர்த்தத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டு, முதல் பந்தியில் உட்காரலாமா இரண்டாம் பந்தியில் உட்காரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அந்த நேரம் முழுவதும் நாயனம் ஒலித்துக்கொண்டேதான் இருக்கிறது. மாலையில் வீடு திரும்பியவரிடம் காலையில் என்ன வாசித்தார்கள் என்று கேட்டால், "நன்றாகத்தான் வாசித்தார்கள்" என்பதற்கு மேல் பதில் வராது. ஆயினும் அதே மெட்டை ஒரு வாரம் கழித்து வேறெங்கோ கேட்க நேர்ந்தால், எங்கே கேட்டோம் என்று தெரியாமலே அது பழகிய மெட்டாக அவருக்குத் தோன்றக்கூடும். ஒலி செவிக்குள் போனது உறுதி. அப்படியானால் அதில் எது நினைவில் பதிந்தது, எது பதியவில்லை?

உளவியலார் இந்தக் கேள்வியைப் பிளவுண்ட கவனம் என்ற தலைப்பின்கீழ் ஆராய்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளுக்கு மனத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும் நிலையே பிளவுண்ட கவனம். மனம் எதிலும் ஊன்றாமல் அலைவது இதிலிருந்து வேறானது. அங்கே எந்த வேலையும் நடப்பதில்லை, இங்கே இரண்டும் நடந்தாக வேண்டும். மெட்டைக் கேட்பதும் உறவினருக்குப் பதில் சொல்வதும், மெட்டைக் கேட்பதும் கணக்குப் போடுவதும், மெட்டைக் கேட்பதும் வண்டி ஓட்டுவதும் எல்லாம் இதில் அடங்கும்.

கவனம் என்பது அளவுக்கு உட்பட்ட ஒரு வளம் என்றும், ஒரு வேலை அதிகம் எடுத்துக்கொண்டால் மற்றதற்குக் குறைவாகவே மிஞ்சும் என்றும் உளவியலாளர் டேனியல் கானமன் 1973இல் விரிவாக எழுதினார். கல்லணைக்கு வந்து சேரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிக்கப்படுவதை அறிந்தவர்களுக்கு இந்தக் கருத்து எளிதில் விளங்கும். நீர்வரத்து குறைந்த ஆண்டுகளில் எல்லா ஆறுகளிலும் ஒரே சமயத்தில் விடாமல், சில நாள் இதில், சில நாள் அதில் என்று முறைவைத்து விடுவார்கள். கவனமும் பல நேரங்களில் இப்படி முறைவைத்தே ஓடுகிறது. இரண்டையும் ஒருசேரச் செய்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மையில் மனம் ஒன்றிலிருந்து மற்றதற்கு விரைவாக மாறி மாறிப் போய்வருகிறது. ஆனால் இந்த ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். எந்த வாய்க்காலில் ஓடினாலும் நீர் ஒன்றுதான்; கவனத்திலோ, இரண்டு வேலைகளும் ஒரே வகையான பொருளைக் கையாளுகின்றனவா, வெவ்வேறு வகையான பொருளைக் கையாளுகின்றனவா என்பதும் விளைவை மாற்றிவிடும். இதைப் பின்னர் பார்ப்போம்.

நினைவைப் பற்றி ஒரு சொல். நினைவு என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பதை ஆய்வாளர்கள் மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார்கள்: கேட்பது உள்ளே பதிவது, பதிந்தது தங்கியிருப்பது, தங்கியிருப்பதை வேண்டும்போது வெளியே எடுப்பது. கவனம் பிளவுபடுவது இந்த மூன்றில் எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே சேதம் பெரிதாகவோ சிறிதாகவோ அமைகிறது. இந்தத் துறைக்குப் புதியவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இந்த வேறுபாடுதான்; இதை விட்டுவிட்டால் மற்ற ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும்.

கவனிக்காத காதில் என்ன நடக்கிறது?

1953இல் கொலின் செரி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். காதொலிப்பானை மாட்டிக்கொண்டவரின் ஒரு காதில் ஒரு பேச்சும் மறு காதில் வேறொரு பேச்சும் ஒலிக்கும். ஒரு காதில் கேட்பதை அவர் உடனுக்குடன் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். திருப்பிச் சொல்லும் வேலை கவனத்தை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும் என்பதால், மறு காது கவனிப்பாரற்றுப் போகிறது. பிறகு அந்த மறு காதில் என்ன கேட்டது என்று விசாரித்தால், ஆண் குரல் பெண் குரலாக மாறியதையும், பேச்சு நின்று வெறும் ஊதல் ஒலி வந்ததையும் அவர்கள் கவனித்திருந்தார்கள். ஆனால் ஆங்கிலப் பேச்சு ஜெர்மன் மொழிக்கு மாறியதைப் பெரும்பாலும் கவனிக்கவில்லை. ஒலியின் புறத்தன்மை தெரிந்தது, உள்ளடக்கம் தெரியவில்லை. 1959இல் நெவில் மோரே இன்னும் ஒரு படி போனார். கவனிக்காத காதில் ஒரே சொற்பட்டியலை 35 முறை திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தும், பின்னர் அந்தச் சொற்களைக் கேட்டவர்களால் இனங்காண முடியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாலே மனத்தில் ஏறிவிடும் என்ற பொதுநம்பிக்கைக்கு இது நேர் எதிரான முடிவு.

கல்யாண மண்டபத்தில் இதையே நாம் வேறு வடிவில் காண்கிறோம். பேச்சில் மூழ்கியிருக்கும் நூறு பேரும் கெட்டிமேளம் எழுந்த கணத்தில் தலையைத் திருப்பி அட்சதையை எடுத்துக்கொள்கிறார்கள். ஒலி திடீரென்று உரத்ததும், தவில் விரைந்ததும் கவனிக்காத காதுக்கும் எட்டிவிடுகின்றன. ஆனால் அதற்குச் சற்று முன்பு நாயனக்காரர் கல்யாணி ராகத்தை முடித்துவிட்டு மோகன ராகத்துக்குப் போயிருந்தால், அந்த நூறு பேரில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

செரியும் மோரேயும் கையாண்டவை பேச்சும் சொற்களும். மெட்டைக் கொண்டு இதேபோன்ற சோதனையை வில்சன் என்பவர் செய்து 1979இல் வெளியிட்டார். பங்கேற்றவர்கள் ஒரு காதில் கேட்ட உரைநடையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்க, மறு காதில் சிறு சிறு மெட்டுகள் ஒலித்தன. பிறகு அந்த மெட்டுகளைப் புதிய மெட்டுகளோடு கலந்து ஒலிக்கச் செய்து, எது முன்பு கேட்டது என்று கேட்டபோது, பதில்கள் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்ததற்கு மேல் போகவில்லை. இதுவரை எதிர்பார்த்ததுதான். வியப்பு அடுத்த கேள்வியில் இருந்தது. எந்த மெட்டு பிடித்திருக்கிறது என்று கேட்டபோது, முன்பு ஒலித்த மெட்டுகளையே அவர்கள் கூடுதலாக விரும்பினார்கள். கேட்டதாக அறியவில்லை, ஆனால் கேட்டதன் தடம் விருப்பமாக வெளிப்பட்டது.

கனடாவில் சுப்புனர், ஷெல்லன்பர்க், பிளைனர் ஆகிய மூவர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. ஒரு குழுவினர் இசைத்துண்டுகளை ஊன்றிக் கேட்டனர். மற்றொரு குழுவினர் ஒரு கதையைக் கவனித்துக்கொண்டிருக்க, இசை பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. சில துண்டுகள் 2 முறை, சில 8 முறை, சில 32 முறை ஒலித்தன. ஊன்றிக் கேட்டவர்கள் துண்டுகளை நன்றாக இனங்கண்டார்கள். ஆனால் உண்மையான இசைப் படைப்புகளைப் பொறுத்தவரை அவர்களுடைய விருப்பம் முதலில் ஏறி, 32 முறையில் சலித்து இறங்கியது. பக்கத்தில் கேட்டவர்களின் நினைவு மங்கலாகவே இருந்தது. விருப்பமோ கேட்கக் கேட்க ஏறிக்கொண்டே போனது. மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் வரும் பாட்டு, கோலம் போட்டுக்கொண்டோ பால் காய்ச்சிக்கொண்டோ கேட்பவர்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு இனிமையாகவே இருப்பதற்கும், அதே பாட்டைப் போட்டிக்காகத் தினமும் பாடிப் பழகும் மாணவிக்கு அது அலுத்துவிடுவதற்கும் காரணம் இதுவாக இருக்க இடமுண்டு.

இந்த இரண்டு ஆய்வுகளிலிருந்தும் கிடைக்கும் செய்தியை ஒரே தொடரில் சொல்லிவிடலாம்: நினைவு ஒரே பொருளன்று. "இதை இன்ன இடத்தில், இன்னாருடைய வாசிப்பில் கேட்டேன்" என்ற விவர நினைவு ஒன்று. "இது பழகியதாக இருக்கிறது" என்ற அறிமுக உணர்வு மற்றொன்று. பதியும் நேரத்தில் கவனம் பிளவுபட்டால் முதலாவது பெருமளவு அடிபடுகிறது, இரண்டாவது அவ்வளவாக அடிபடுவதில்லை என்பது சொற்களைக் கொண்டு செய்த பல ஆய்வுகளிலும் காணப்படும் முடிவு. மண்டபத்தில் கேட்ட மெட்டு பழகியதாகத் தோன்றியும் அதன் ஊரும் பேரும் தெரியாமல் நாம் விழிப்பது இதனால்தான்.

உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும்

1996இல் ஃபெர்கஸ் கிரெய்க்கும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட தொடர்சோதனைகள் இந்தத் துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. சொற்களைக் காதால் கேட்டு மனத்தில் கொள்ள வேண்டும். அதே நேரத்தில் திரையில் நான்கு கட்டங்களில் ஒன்றில் தோன்றும் குறிக்கு ஏற்ற பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பொத்தான் வேலையைச் சிலருக்குச் சொற்களைக் கேட்கும்போது கொடுத்தார்கள். சிலருக்கு, கேட்டு முடித்த சொற்களை நினைவுகூரும்போது கொடுத்தார்கள். கேட்கும்போது கொடுத்தால் நினைவு பெரிதும் குறைந்தது. நினைவுகூரும்போது கொடுத்தால் நினைவு சிறிதளவே குறைந்தது. ஆனால் பொத்தான் அழுத்தும் வேகம் வெகுவாகத் தளர்ந்தது. பதிந்துவிட்ட ஒன்றை வெளியே எடுப்பது தன் வேலையை விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கான விலையைப் பக்கத்து வேலையின்மீது ஏற்றிவிடுகிறது.

வீதியுலாவில் சுவாமிக்கு முன்னால் நடந்துகொண்டே, தவில்காரரின் சொற்கட்டுக்கு ஈடுகொடுத்துக்கொண்டே, கூட்டத்துக்கும் தீவட்டிக்கும் நடுவில் ஒரு நாகசுரக்காரர் பழைய கீர்த்தனை ஒன்றைப் பிசிறில்லாமல் வாசிப்பதைப் பார்த்து நாம் வியக்கிறோம். பல ஆண்டுப் பயிற்சியால் அந்தக் கீர்த்தனை முழுக் கவனத்தோடு பதிந்து உறுதிப்பட்டுவிட்டது. இப்போது அவர் அதை வெளியே எடுக்கிறார், அவ்வளவுதான். விலை எங்கே செலுத்தப்படுகிறது என்று பார்க்க வேண்டுமானால் அவருடைய கால்களைப் பார்க்க வேண்டும். கடினமான சங்கதி வரும் இடத்தில் நடை தளர்ந்து, சில நேரம் முற்றிலும் நின்றுவிடும். ஆனால் அதே உலாவில் அவருக்குப் புதிய கீர்த்தனை ஒன்றைக் கற்றுக்கொடுக்க முயன்றால் அது நடவாத காரியம்.

இந்த முடிவுக்கு ஒரு திருத்தம் உண்டு. நினைவுகூரும்போது குறுக்கிடும் வேலையும் அதே வகைப் பொருளாக இருந்தால் சேதம் அங்கேயும் பெரிதாகிவிடும் என்று ஃபெர்னாண்டஸ், மோஸ்கோவிச் ஆகியோர் 2000இல் காட்டினார்கள். சொற்களை நினைவுகூரும்போது வேறு சொற்களைக் கையாளச் சொன்னால் நினைவு தடுமாறியது. எண்களைக் கையாளச் சொன்னால் அவ்வளவு தடுமாறவில்லை. ஒரு பாட்டின் மெட்டை நினைவுக்குக் கொண்டுவர முயலும்போது பக்கத்துத் தேநீர்க் கடையில் வேறு பாட்டு ஒலித்தால் நமக்கு ஏற்படும் எரிச்சலுக்கு இது போதிய விளக்கம்.

பேச்சு கெடுக்குமா, இசை கெடுக்குமா?

எந்த வேலை எதைக் கெடுக்கிறது என்ற கேள்விக்கு இசையை வைத்தே விடை தேடியவர் டயானா டாய்ச். 1970இல் வெளிவந்த அவருடைய சோதனை மிக எளியது. முதலில் ஒரு சுரம் ஒலிக்கும். ஐந்து விநாடி கழித்து இன்னொரு சுரம் ஒலிக்கும். இரண்டும் ஒன்றா, வேறா என்று சொல்ல வேண்டும். இடையில் ஒன்றும் ஒலிக்காவிட்டால் தவறே செய்யாத அளவுக்குக் காது கூர்மையுள்ளவர்களையே அவர் தேர்ந்துகொண்டார். இடைவெளியில் வேறு சில சுரங்களை ஒலிக்கச் செய்து, அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டபோதும், இவர்களுடைய பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தவறாகிவிட்டது. சுரங்களுக்குப் பதிலாக எண்களைப் பேச்சில் ஒலிக்கச் செய்தபோது தவறுகள் மிகச் சிலவே. அந்த எண்களை மனத்தில் வைத்துத் திருப்பிச் சொல்லும்படி கேட்டபோதுகூடத் தவறுகள் சற்றே கூடின. சுரத்தின் நினைவைச் சுரம் அழிக்கிறது. பேச்சு அதை அவ்வளவாகத் தொடுவதில்லை.

இங்கே கூர்ந்து படிப்பவர் ஒரு தடை எழுப்பலாம். பேச்சு சுரத்தின் நினைவைக் கெடுப்பதில்லை என்றால், மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தவருக்கு நாயனத்தின் மெட்டு ஏன் நினைவில்லை? விடை, முன்பு சொன்ன மூன்று கட்டங்களில் இருக்கிறது. டாய்ச்சின் சோதனையில் முதல் சுரத்தை அவர்கள் முழுக் கவனத்தோடு கேட்டுவிட்டார்கள். பேச்சு வந்தது அதற்குப் பிறகு, சுரம் தங்கியிருக்க வேண்டிய இடைவெளியில். மண்டபத்திலோ மெட்டு உள்ளே வரும்போதே பேச்சும் நடந்துகொண்டிருந்தது. பழகிய உணர்வுக்கு மேல் விவரமாக மெட்டு பதியவே இல்லை. பதியாத ஒன்றை எது கெடுத்தது என்று தேடுவதில் பயனில்லை.

இதையே மறுபுறமாகத் திருப்பி, பாட்டுப் போட்டுக்கொண்டு படிக்கலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சாலமே, பேடலி இருவரும் 1989இல் கண்டபடி, கண்ணால் பார்த்த எண்களை வரிசை பிசகாமல் நினைவுகூரும் வேலையை, சொற்களோடு பாடிய இசை வெறும் வாத்திய இசையைவிடக் கூடுதலாகக் குலைத்தது. தேர்வுக்கு மனப்பாடம் செய்பவர் பாட்டை நிறுத்திவிடுவது நல்லது. நிறுத்த மனமில்லையென்றால் வீணையோ புல்லாங்குழலோ குறைந்த தீங்கு.

நடவுப் பாட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டுகள், குனிந்து நாற்று நட்டுக்கொண்டே கேட்டும் பாடியும் தலைமுறை தலைமுறையாகத் தங்கி வந்திருக்கின்றன. கவனம் பிளவுபட்டால் மெட்டு பதியாது என்றால் இது எப்படி நடந்தது? கை செய்யும் வேலை அவர்களுக்கு எப்போதோ பழகிப்போனது. அது சுரத்தையும் கையாளுவதில்லை, சொல்லையும் கையாளுவதில்லை. மேலும், எடுத்துக்கொடுத்த அடியை உடனே வாங்கிப் பாட வேண்டும் என்ற கட்டாயமே கவனத்தை மெட்டின்மீது இழுத்துப் பிடித்துவிடுகிறது. வேலையும் பாட்டும் சேர்ந்து நடப்பதாலேயே கவனம் பிளவுபட்டுவிட்டதாகக் கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. வரப்பில் நின்று கைபேசியில் பேசிக்கொண்டே அந்தப் பாட்டைக் கேட்பவருடைய நிலை வேறு.

மெட்டு என்பது எதனால் ஆனது?

சொற்பட்டியலுக்கும் மெட்டுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. பத்துச் சொற்களில் நான்கு நினைவிருந்தால் நான்கு சொற்கள் நினைவிருக்கின்றன என்று சொல்லலாம். மெட்டு அப்படி உதிரியாக நிற்பதில்லை. அதன் உயிர் சுரங்களில் அன்று, சுரங்களுக்கு இடையிலான உறவில் இருக்கிறது. ஒரு கட்டை சுருதியில் ஆண் பாடினாலும் ஐந்து கட்டை சுருதியில் பெண் பாடினாலும் அது அதே பாட்டாகத்தான் நமக்குக் கேட்கிறது. ஒலிகள் எல்லாமே மாறியிருக்க, இடைவெளிகள் மட்டும் மாறாமல் இருக்கின்றன.

ஜே டவ்லிங் என்ற அமெரிக்க ஆய்வாளர், மெட்டைப் பற்றிய நினைவில் இரண்டு கூறுகள் இருப்பதாக 1978இல் எழுதினார். ஒன்று, மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்ற ஏற்ற இறக்கப் போக்கு. மற்றொன்று, ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு என்ற இடைவெளிக் கணக்கு. பாட்டு வகுப்பில் சேர்ந்த குழந்தைகளுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை, திரிபுட தாள அலங்காரமே போதும். "ஸரிக ஸரி கம" என்று முதல் வரி. "ரிகம ரிக மப" என்று அடுத்த வரி. போக்கு இரண்டிலும் அச்சாக ஒன்றே. ஆனால் தொடக்கநிலை மாணவர்கள் பாடும் மாயாமாளவகௌளை ராகத்தில், ஸட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு ஒரு சுரத்தானம் (சுருதியில் ஏறும் மிகச் சிறிய படி), ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு மூன்று சுரத்தானம், காந்தாரத்திலிருந்து மத்தியமத்துக்கு ஒன்று. ஆகவே "ஸரிக" என்பது ஒன்று, மூன்று என்று ஏறுகிறது. "ரிகம" என்பது மூன்று, ஒன்று என்று ஏறுகிறது. டவ்லிங்கின் சோதனையில் ஒரு புதிய மெட்டைக் கேட்டவர்கள், அதையே சுருதி மாற்றி அப்படியே ஒலித்ததையும், போக்கை மட்டும் வைத்துக்கொண்டு இடைவெளிகளை இவ்வாறு மாற்றி ஒலித்ததையும் பிரித்தறியத் திணறினார்கள். போக்கே மாறியிருந்தால் அதை எளிதில் கண்டுபிடித்தார்கள்.

ஒருமுறை கேட்ட புதிய மெட்டில் போக்குதான் முதலில் கையில் அகப்படுகிறது என்பது இதன் பொருள். ஆனால் டவ்லிங்கும் பார்ட்லெட்டும் 1981இல் காட்டியபடி, நேரம் செல்லச் செல்லப் போக்கு மட்டும் நினைவிலிருந்து நழுவுகிறது. நீண்ட காலம் நிலைத்து நிற்பது இடைவெளிகளின் நினைவே. எளிதில் கிடைப்பது எளிதில் போகிறது. உழைத்துக் கிடைப்பது நிற்கிறது. இதையும் பிளவுண்ட கவனத்தைப் பற்றிய முடிவுகளையும் அருகருகே வைத்தால், அரைகுறையாகக் கேட்ட மெட்டில் நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அந்த நிலையற்ற போக்கே என்று ஊகிக்கத் தோன்றுகிறது. பாட்டு ஆசிரியர்கள் மாணவர்களை ஒரே வரியைப் பலமுறை பாடவைப்பதும், அந்த நேரத்தில் வேறு பேச்சை அனுமதிக்காததும் வெறும் கண்டிப்பு அன்று என்பது என் கருத்து; இடைவெளி மனத்தில் உறைவதற்கு அதைவிடக் குறுக்குவழி இல்லை.

பாடலில் சொல்லும் சேர்ந்துவிட்டால் கணக்கு இன்னும் சிக்கலாகும். செராஃபின், கிரவுடர், ரெப் ஆகியோர் 1984இல் செய்த சோதனையில், ஒரு மெட்டை அதற்குரிய பழைய சொற்களோடு கேட்டவர்கள் எளிதில் இனங்கண்டார்கள். அதே மெட்டை வேறு சொற்களோடு கேட்டபோது அவ்வளவு எளிதில் இனங்காணவில்லை. சொல்லும் மெட்டும் நினைவில் தனித்தனிப் பெட்டிகளில் வைக்கப்படுவதில்லை.

கையில் தாளம், வாயில் சுரம்

பாட்டு கற்கத் தொடங்கும் குழந்தைக்கு முதல் நாளிலேயே பிளவுண்ட கவனம் ஒரு பாடமாக வந்து நிற்கிறது. வாய் சரளி வரிசை பாட வேண்டும். கை ஆதி தாளம் போட வேண்டும். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும், மீண்டும் தட்டும் வீச்சும் என எட்டு. சுரத்தைப் பார்த்தால் விரல் தவறுகிறது, விரலைப் பார்த்தால் சுரம் தவறுகிறது. சில மாதங்களில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. தாளம் போடாமல் பாடச் சொன்னால்தான் குழந்தை தடுமாறுகிறது.

திரும்பத் திரும்பப் பழகிய ஒரு வேலை கவனத்தை ஏறக்குறைய எடுத்துக்கொள்ளாமலே நடக்கத் தொடங்கும் என்பதை ஷ்னைடரும் ஷிஃப்ரினும் 1977இல் விரிவாகக் காட்டினார்கள். அதற்கும் முன்பே, 1972இல், ஆல்போர்ட்டும் அவருடன் சேர்ந்த இருவரும் பியானோ மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார்கள். காதில் கேட்கும் உரைநடையை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே, இதுவரை பார்த்திராத இசைக்குறிப்பை அவர்கள் வாசித்தார்கள். சிறிது பயிற்சிக்குப் பிறகு ஒன்று மற்றொன்றைப் பெரிதாகக் குலைக்கவில்லை. வாசிப்பு நன்றாக நடந்தது என்பதுதான் இதன் முடிவு. வாசித்த இசை பிறகு எவ்வளவு நினைவிருந்தது என்பது வேறு கேள்வி. செய்துமுடிப்பதும் மனத்தில் கொள்வதும் ஒன்றல்ல. பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: இரண்டு வேலைகளையும் திறம்படச் செய்ய முடிகிறது என்பதாலேயே இரண்டும் நினைவில் தங்கிவிடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

தாளத்தின் கதையில் வேறொரு நுட்பமும் இருக்கிறது. கையும் வாயும் ஒரே கால அளவில் நடப்பதால், பழகியபின் தாளம் மெட்டுக்குப் போட்டியாக இருப்பதை விட்டுவிட்டு, எந்தச் சுரம் எந்த எண்ணிக்கையில் விழும் என்று பிடித்துக்கொள்ள ஒரு சட்டமாக மாறிவிடுகிறது.

ஏற்கனவே அறிந்தவரின் காது

மண்டபத்தில் எல்லாரும் ஒரே அளவுக்கு இழப்பதில்லை. மூலையில் உட்கார்ந்து சம்பந்தியோடு பேசிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், பேச்சை நிறுத்தாமலே, "தோடியை எடுத்துவிட்டார்" என்று சொல்லக்கூடும். தோடி ராகம் என்றதும் நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பெயரைச் சொல்லும் ரசிகர்கள் இந்தப் பக்கத்தில் இன்றும் உண்டு; அவர்களுடைய காதில் தோடி ஏழு சுரங்களாக விழுவதில்லை, அந்த ராகத்துக்கே உரிய சுரக்கோவைகளான பிடிகளாக விழுகிறது. ஒரு நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய கூறுகளின் எண்ணிக்கை ஏழையொட்டியது என்று ஜார்ஜ் மில்லர் 1956இலும், நான்கையொட்டியதே என்று நெல்சன் கோவன் 2001இலும் எழுதினார்கள். எண் எதுவாயினும், பத்துப் பன்னிரண்டு சுரங்களை ஒரே பிடியாகக் கேட்பவருக்கு அது ஒரு கூறு. தனித்தனியாகக் கேட்பவருக்குப் பன்னிரண்டு. மிஞ்சிய சிறு கவனத்திலும் முதலாமவர் சமாளித்துவிடுவார்.

டவ்லிங் 1973இல் செய்த மற்றொரு சோதனை இதற்கு அரண் செய்கிறது. எல்லாரும் அறிந்த இரண்டு மெட்டுகளை எடுத்து, இதில் ஒரு சுரம், அதில் ஒரு சுரம் என்று மாற்றி மாற்றிக் கோத்து ஒலிக்கச் செய்தார். இரண்டும் ஒரே தாயியில் (ஒரே சுருதி எல்லையில்) இருந்தபோது கேட்டவர்களுக்கு எதுவுமே புரியவில்லை. ஒன்றை மேலே ஏற்றி விலக்கியதும் இரண்டும் பிரிந்து தெரிந்தன. ஒரே தாயியில் இருந்தபோதும், எந்த மெட்டைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே பெயர் சொல்லிவிட்டால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. எதிர்பார்ப்பு கவனத்துக்கு வழிகாட்டுகிறது. ஆனால் எதிர்பார்ப்பு எழ வேண்டுமானால், அந்த மெட்டு முன்பு எப்போதாவது முழுக் கவனத்தோடு உள்ளே போயிருக்க வேண்டும்.

அவதானக் கலையை அறிந்தவர்கள் இங்கே அதை நினைத்துக்கொள்ளக்கூடும். முதுகில் விழும் கற்களை எண்ணுவதும், மணியோசையை எண்ணுவதும், வெண்பாவுக்கு ஈற்றடி வாங்குவதுமாகப் பலவற்றையும் ஒருசேர நடத்தி, இறுதியில் எல்லாவற்றுக்கும் விடை சொல்வது அந்தக் கலை. கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் நூறு அவதானம் செய்து காட்டியவர். கவனத்தின் அளவே அவர்களுக்கு விரிந்துவிட்டது என்று கொள்வதைவிட, சில கூறுகள் தானே நடக்கும் அளவுக்குப் பழகி, மற்றவற்றில் கவனம் முறைவைத்து மிக விரைவாகப் போய்வருகிறது என்று கொள்வதே இதுவரை பார்த்த ஆய்வுகளுக்கு இசைவாக இருக்கும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க

இவற்றை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். கேட்பவருக்கு முன்பின் அறிமுகமில்லாத, சொற்கள் இல்லாத, அரை நிமிட அளவுள்ள மெட்டுகள் பன்னிரண்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும்; ஒருவரே ஒரே வாத்தியத்தில் வாசித்தவையாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வாத்தியத்தின் ஒலியே அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். நான்கு மெட்டுகளை அமைதியாகக் கேட்கச் செய்ய வேண்டும். வேறு நான்கைக் கேட்கும்போது, 300இலிருந்து மும்மூன்றாகக் குறைத்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரும்படி கேட்க வேண்டும். மீதமுள்ள நான்கை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அரைமணி நேரம் கழித்துப் பன்னிரண்டையும் கலந்து ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இது பிடித்திருக்கிறதா? இதை முன்பு கேட்டீர்களா? கேட்டிருந்தால், பாதியில் நிறுத்தினால் அடுத்த அடியை முணுமுணுத்துக் காட்ட முடியுமா? விருப்பத்தைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்க வேண்டும். கேட்ட மெட்டு என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் அந்த முடிவே விருப்பத்தையும் சாய்த்துவிடும்.

எண்ணிக்கொண்டே கேட்ட நான்கில், மூன்றாம் கேள்விக்கான விடைகளே முதலில் குறையும் என்றும், இரண்டாம் கேள்விக்கு அமைதியாகக் கேட்டவற்றைவிடக் குறைவாகவே சரியான விடைகள் வரும் என்றும் எதிர்பார்க்கலாம். முதல் கேள்வியில் ஒதுக்கி வைத்த நான்கைவிட இவை சற்றுக் கூடுதலாகப் பிடித்திருந்தால், வில்சன் 1979இல் கண்டதையே நீங்களும் கண்டிருக்கிறீர்கள். ஆனால் ஒரே ஒருவரிடம் சோதித்தால், எளிய மெட்டு என்பதால் நினைவிருந்ததா, அமைதியாகக் கேட்டதால் நினைவிருந்ததா என்று பிரிக்க முடியாது. வீட்டிலும் தெருவிலுமாக ஏழெட்டுப் பேரையாவது சேர்த்துக்கொண்டு, பாதிப் பேருக்கு அமைதியாகக் கொடுத்த நான்கையே மீதிப் பேருக்கு எண்ணிக்கையோடு கொடுத்து, இரண்டு விடைத்தாள்களையும் ஒப்பிட வேண்டும். பாட்டு கற்றவர்களையும் கல்லாதவர்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டால், பெரியவரின் தோடிக் காதைப் பற்றிச் சொன்னது உங்கள் தெருவில் எவ்வளவு மெய் என்பதும் தெரிந்துவிடும்.